இல்லாத பண்டிகைக்கு இரண்டு விருந்தாளிகள்

"நாளைக் கழிச்சு நம்ம வீட்டுப் பண்டிகைக்கு மேனேஜரும் அவர் சம்சாரமும் வர்றாங்களாம்" என்றார் லிஃப்ட் மெக்கானிக், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுகொண்டு.

அடுப்படியில் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியின் கத்தி நின்றது.

"எந்தப் பண்டிகைக்கு?"

அதுதான் பிரச்சினையே. நாளை மறுநாள் பண்டிகை என்று ஒன்றும் கிடையாது. அவர்கள் பிறந்த ஊரிலும் கிடையாது, கடல் தாண்டிப் பிழைக்க வந்த இந்த ஊரிலும் கிடையாது. பஞ்சாங்கத்தைத் தலைகீழாகப் பிடித்து உலுக்கினாலும் அந்தத் தேதியில் ஒன்றும் உதிராது.

"அதான்... நான் வருஷா வருஷம் லீவு போடுவேனே, அந்தப் பண்டிகை."

"நீங்க போர்வையை இழுத்துப் போர்த்திக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் தூங்குவீங்களே, அதுவா?"

"அதேதான்" என்றார் மெக்கானிக்.

இங்கே கொஞ்சம் பழைய கதை சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் மெக்கானிக்கை ஏதோ பெரிய மோசடிக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். மோசடியெல்லாம் இல்லை, பாவம். எதையும் விளக்கிச் சொல்லச் சோம்பல்படுகிற மனிதர், அவ்வளவுதான்.

அவர் வேலை பார்க்கும் லிஃப்ட் கம்பெனியில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. யாராக இருந்தாலும் தங்கள் குடும்பப் பண்டிகைக்கு என்று வருடத்தில் ஒருநாள் லீவு எடுத்துக்கொள்ளலாம். வேலைக்குச் சேர்ந்த வருடம் அவர் நிஜமான பண்டிகைக்குத்தான் லீவு கேட்டார். மேனேஜரும் சந்தோஷமாகக் கம்ப்யூட்டரில் தேதியைத் தட்டி, "இனிமே ஒவ்வொரு வருஷமும் இந்தத் தேதி உனக்கு லீவு. கேக்கவே வேண்டாம்" என்றார்.

நம் பண்டிகைகள் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்குமா? அடுத்த வருடம் அது நிலாவைப் பிடித்துக்கொண்டு வேறு மாதத்துக்கே போய்விட்டது. மெக்கானிக் தேதியை மாற்றித் தரச் சொல்லிப் போனபோது மேனேஜர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"போன வருஷம் இந்தத் தேதின்னு நீதானே சொன்ன? பண்டிகைன்னா ஒரு இடத்துல நிக்க வேண்டாமா? பொய் சொல்லி லீவு எடுக்கறவனைக் கண்டாலே எனக்கு ஆகாது. இப்பத்தான் ஒருத்தனை வீட்டுக்கு அனுப்பியிருக்கேன்."

வளர்பிறை, தேய்பிறை, நடுவில் வந்து நுழையும் திதி, இதையெல்லாம் இந்த ஊர் பாஷையில் எப்படிச் சொல்வது? மெக்கானிக் வாயைத் திறந்தார். மேனேஜரின் புருவத்தைப் பார்த்தார். வாயை மூடினார். பிறகு மறுபடி திறந்தபோது வந்தது வேறு.

"மாறல சார். அதே தேதிதான். இது எங்க குடும்பத்துக்குன்னே இருக்கற பரம்பரைப் பண்டிகை."

அன்று பிடித்த சனி. அன்றிலிருந்து நிஜமான பண்டிகை நாளில் அவர் ஏதாவது ஒரு கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் கிரீஸ் பூசிக்கொண்டு தொங்குவார். மகள் புதுத்துணி போட்டுக்கொண்டு போனில் படம் அனுப்புவாள். பண்டிகையே இல்லாத நாளில் சம்பளத்தோடு வீட்டில் தூங்குவார்.

மேனேஜருக்கோ இந்தப் பண்டிகைமேல் அப்படி ஓர் ஈடுபாடு. தேதி நெருங்க நெருங்க, "உண்டுதானே? தேதி மாறலையே?" என்று விசாரிப்பார். "அன்னைக்கு என்னவெல்லாம் செய்வீங்க?" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்பார். நல்ல மனுஷர் என்று மெக்கானிக்கும் அவ்வப்போது வாய்க்கு வந்ததை எடுத்துவிடுவார்.

"போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க" என்றாள் மனைவி.

"சொன்னா வேலை போயிடும். போர்மேன் ஓய்வு பெறப் போறாரு. அந்த இடத்துக்கு யாருன்னு பண்டிகை முடிஞ்சதும் சொல்றேன்னு மேனேஜர் சொல்லியிருக்காரு. என் முழங்கால் இனிமே குழிக்குள்ள இறங்கற நிலைமையிலயா இருக்கு?"

மனைவி அவர் முழங்காலைப் பார்த்தாள். இரவுதோறும் அதற்குத் தைலம் தேய்த்துவிடுகிறவள் அவள்தான். போர்மேன் ஆனால் குழி கிடையாது; மேசை, நாற்காலி, பொழுது சாயும்போது வீடு. அவள் மறுபடி வெண்டைக்காயை வெட்டினாள். வெட்டிய வேகத்தைப் பார்த்தால் அது வெண்டைக்காயின் மேலிருந்த கோபம் இல்லை.

"அக்கா, நீ ஏன் டென்ஷன் ஆகற? என்கிட்ட ஒரு ஐடியா இருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மச்சான். மனைவியின் தம்பி. வேலை தேடி வந்தவன். வேலை கிடைக்கும்வரை இங்கே இருப்பதாக ஏற்பாடு. வேலை இன்னும் கிடைக்கவில்லை, ஐடியா மட்டும் தினமும் கிடைத்துக்கொண்டிருந்தது.

"வீட்ல துக்கம்னு சொல்லிடுங்க அத்தான். துக்கம் நடந்த வீட்ல பண்டிகை கிடையாது. விருந்தாளி எப்படி வருவாங்க?"

மறுநாள் காலை, கம்பிச் சுருள்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்த மேனேஜரிடம் போய் மெக்கானிக் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்.

"சார், இந்த வருஷம் பண்டிகை இல்ல. எங்க பெரியப்பா தவறிட்டாரு."

மேனேஜரின் முகத்தில் ஈயாடவில்லை. இறந்தது அவருடைய பெரியப்பாவோ என்று பார்க்கிறவர்கள் நினைத்திருப்பார்கள்.

"ஐயையோ! என் சம்சாரத்துகிட்ட நான் என்ன சொல்லுவேன்? இந்தத் தடவை நானும் வந்தே தீருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாளே!" கொஞ்சநேரம் தாடையைத் தேய்த்தவர் சட்டென்று நிமிர்ந்தார். "சரி, துக்கம் கேக்க வர்றோம். நான், என் சம்சாரம், பட்டறை ஆளுங்க மொத்தப் பேரும். பெரிய மாலையாச் சொல்லிடலாம். பெரியப்பா படம் ஒண்ணு எடுத்து வை."

இரண்டு பேர் இருபது பேர் ஆகிவிட்டார்கள். மெக்கானிக் கை கழுவப் போவதாகச் சொல்லி வெளியே போய், சுவரோடு நின்று மூச்சு வாங்கிவிட்டு, போனைத் தூக்கிப் பிடித்தபடி ஓடி வந்தார்.

"சார்! பெரியப்பா சாகல சார்! வெறும் மயக்கமாம். எழுந்து உக்காந்து காபி கேக்கறாராம்!"

மேனேஜர் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர்கூடத் தெரிந்தது.

"அப்போ பண்டிகை உண்டு! வீட்ல சொல்லிடு, காலையிலேயே வந்துடறோம்!"

சாயங்காலம் இதைக் கேட்ட மனைவி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"ஊர்ல குத்துக்கல்லாட்டம் இருக்கற மனுஷனைக் கொன்னு, எழுப்பி, காபி வேற குடுத்துட்டு வந்திருக்கீங்க! இதுக்கு நீங்க லிஃப்ட்டுக்குள்ளயே இருந்திருக்கலாம்."

"அதை விடு. நாளைக்கு என்ன செய்யறது, அதைச் சொல்லு."

பள்ளிக்கூடப் பையைக்கூட இறக்கி வைக்காமல் நின்றிருந்த மகள் கேட்டாள்: "மொதல்ல இந்தப் பண்டிகையில என்னென்ன உண்டுன்னு அவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கீங்கப்பா?"

மெக்கானிக் யோசித்து யோசித்துச் சொன்னார்.

"அன்னைக்கு யாரும் போனைத் தொடக் கூடாது." அது, லீவு நாளில் பட்டறையிலிருந்து கூப்பிட்டுத் தொந்தரவு செய்யாமல் இருக்கச் சொன்னது.

"அப்புறம்?"

"பழைய துணிதான் கட்டணும்." அது, ஒரு வருடம் கைலியோடு வெங்காயம் வாங்கப் போய்ப் பட்டறை ஆள் கண்ணில் பட்டதற்குச் சொன்னது.

"அப்புறம்?"

"சாப்பிட்டுட்டு எல்லாரும் தூங்கணும்."

மச்சான் தாடையைத் தடவினான். "அத்தான், தப்பா நினைச்சுக்காதீங்க. இது பண்டிகை இல்ல, ஞாயித்துக்கிழமை."

"சாமி எங்கப்பா? மந்திரம், பாட்டு, ஒண்ணும் இல்லையா?" என்றாள் மகள்.

"ஒரு பாட்டு உண்டுன்னு சொன்ன மாதிரி ஞாபகம். என்ன பாட்டுன்னு சொல்லல."

"யாரு பாடுவாங்கன்னு சொன்னீங்க?" என்று மனைவி கேட்டாள்.

மெக்கானிக் கூரையைப் பார்த்தார்.

"வீட்டுப் பொம்பளைன்னு சொல்லிட்டேன்."

மனைவி எழுந்து அடுப்படிக்குப் போய்ப் பாத்திரங்களை நங் நங்கென்று கழுவ ஆரம்பித்தாள்.

பண்டிகை நாள் விடிந்தது. எல்லோரும் இருப்பதிலேயே கந்தலாகப் பார்த்து உடுத்திக்கொண்டார்கள். மச்சான் தோளில் கிழிந்த பனியனோடு நின்றான். அது அவனுடைய அன்றாட உடுப்பு என்பதால் மனைவி அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. நடுக்கூடத்தில் ஒரு பெரிய அண்டா. போன்களைப் போட்டு மூட. அடுப்படியில் தேங்காயும் வெல்லமும் சேர்த்து உருட்டிய உருண்டைகள். மனைவி விடியலுக்கு முன்பே எழுந்து, கணவரைப் பார்த்துக்கொண்டே உருட்டியவை.

அந்த அடுக்குமாடியில் லிஃப்ட் பழுது. வேறு கம்பெனி லிஃப்ட், மெக்கானிக் தொடக் கூடாது. விருந்தாளிகள் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்கள்.

மேனேஜரின் மனைவி நல்ல உடை உடுத்தி, கையில் பூங்கொத்தோடு சிரித்துக்கொண்டு நின்றாள். மேனேஜரைப் பார்த்துத்தான் எல்லோரும் அசந்துபோனார்கள். வெளுத்த சட்டை, முழங்கால்வரை சேறு காய்ந்த கால்சட்டை, ஓரம் கிழிந்த தொப்பி. பழைய துணி விஷயத்தில் இந்தக் குடும்பத்தையே தூக்கிச் சாப்பிட்டுவிட்டார்.

"இதை இந்த நாளுக்குன்னே பெட்டியில வெச்சிருக்கார்" என்றாள் அவர் மனைவி. அவர்கள் பேசியதெல்லாம் அந்த ஊர் பாஷை. நம் வசதிக்காகத் தமிழில் சொல்லிக்கொண்டு போகிறேன்.

என்ன மரியாதை, என்ன மரியாதை என்று மெக்கானிக் உருகிப்போனார். மேனேஜர் அவர் காதோரம் குனிந்து, "குளிக்கிற அறை எந்தப் பக்கம்? மெதுவாச் சொல்லு" என்று கேட்டார். மெக்கானிக் கண்ணாலேயே காட்டினார். கூச்சப்படுகிறார் போலும்.

போன்கள் அண்டாவுக்குள் போயின. மேனேஜர் தன்னுடையதை முதல் ஆளாகப் போட்டார்.

"அப்படியே நடக்குது பாரு!" என்று அவர் மனைவி பூரித்தாள். "நாள் முழுக்கப் போனே எடுக்க மாட்டாங்கன்னு இவர் சொன்னப்போ நான் நம்பவே இல்ல. சரி, வெயில்ல நிக்கறது எப்போ?"

"எது?" என்றார் மெக்கானிக்.

"அசையாம, ஒரு வார்த்தை பேசாம, வெயில்லயே நிப்பீங்களாமே? முகமெல்லாம் கருத்துப் போற வரைக்கும்?"

மெக்கானிக் விழித்தார். இப்படி ஒன்றைச் சொன்னதாக ஞாபகமே இல்லை. ஆனால் இத்தனை வருடமாக அவிழ்த்துவிட்டதில் எது சொன்னோம், எது சொல்லவில்லை என்று யார் கண்டது? மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் படபடவென்று தலையாட்டினார்.

"இப்பத்தான் சார், இப்பத்தான்" என்று பால்கனிக் கதவைத் திறந்தார்.

துணி காயப்போடும் அந்தச் சின்னப் பால்கனியில் ஆறு பேரும் நெருக்கியடித்துக்கொண்டு வெயிலில் நின்றார்கள். யாரும் பேசவில்லை. எதிர்க் கட்டிடத்தில் ஜன்னல் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் துணியை நிறுத்திவிட்டு இவர்களைப் பார்த்தான். கொஞ்சநேரம் கழித்து வீட்டுக்குள் போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினான்.

"என்னங்க இது கூத்து? எனக்குத் தலை சுத்துது" என்றாள் மனைவி, முகத்தில் சிரிப்பை மாற்றாமல், தமிழில்.

"நான் சொல்லவே இல்லடி. சத்தியமா இதை நான் சொல்லல."

"நீங்க சொல்லாத பொய்யும் உண்டா?"

"என்ன சொல்றாங்க?" என்று மேனேஜரின் மனைவி கிசுகிசுத்தாள்.

"சூரியனைக் கும்பிடறாங்க" என்றாள் மகள். இந்த வீட்டில் பொய் சொல்வது பரம்பரையாக வருமோ என்று மனைவிக்கு முதன்முறையாகக் கவலை வந்தது.

உள்ளே வந்து உட்காரக்கூட இல்லை, அந்த அம்மாள் மறுபடி ஆரம்பித்தாள்.

"தண்ணி ஊத்தறது எப்போ?"

"தண்ணியா?"

"முழங்கால் நனையற மாதிரி ஊத்துவீங்களாமே! இவர் அதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஆசையா இருக்கும். கட்டாயம் பாக்கணும்."

மெக்கானிக்குக் கண்ணைக் கட்டியது. மேனேஜர் இப்போது அவரை நேராகப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை. கெஞ்சுகிற மாதிரிதான் இருந்தது. மனுஷருக்கு எவ்வளவு பக்தி என்று நினைத்துக்கொண்ட மெக்கானிக், "மச்சான், வாளி!" என்றார்.

மேனேஜரைப் பால்கனியில் நிறுத்தி, மச்சான் அவர் கால்சட்டையின் மேல் ஒரு வாளி ஊற்றினான். காய்ந்த சேறு கரைந்து ஓடியது. மேனேஜரின் மனைவி கைதட்டினாள். கைதட்டலைக் கேட்டு உற்சாகமான மச்சான் இன்னும் இரண்டு வாளி ஊற்றினான்.

கீழ்வீட்டிலிருந்து யாரோ கத்தினார்கள். மாடிப்படியில் திம் திம்மென்று காலடி. கதவு இடிக்கப்பட்டது. கீழ்வீட்டுக்காரர் தலையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றார். மடியில் விரித்துப் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள் கையில் கூழாகத் தொங்கியது.

"என்ன நடக்குது இங்க?"

மெக்கானிக் பேய் முழி முழித்தார். அதற்குள் மேனேஜரின் மனைவி எழுந்து ஓடினாள்.

"உங்களுக்கும் ஊத்திட்டாங்களா? அதுவும் தலையிலேயேவா! கொடுத்து வெச்சவர் நீங்க!"

அந்த மனிதர் வந்த கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். மச்சான் அவர் வாயில் ஒரு தேங்காய் உருண்டையைத் திணித்து, தோளில் துண்டைப் போர்த்தி, உள்ளே உட்கார வைத்துவிட்டான். உருண்டை அவருக்குப் பிடித்துப்போயிற்று. எழுந்து போகவே இல்லை. இலைக்கு ஓர் ஆள் கூடியது என்று மனைவி அடுப்படியில் போய் அரிசியை மறுபடி அளந்தாள்.

"அடுத்து பாட்டுதானே?" என்றாள் மேனேஜரின் மனைவி. "வீட்டுக்காரம்மா பாடுவாங்களாமே."

எல்லோரும் மனைவியைப் பார்த்தார்கள். விடியலிலிருந்து அடுப்பில் வெந்து, வெயிலில் காய்ந்து, கூடத்துத் தண்ணீரை இரண்டு தடவை துடைத்தவள். மெக்கானிக் அவளைப் பார்த்துக் கைகூப்பினார். அவள் கணவருக்கு எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். கண்ணை மூடினாள். நல்ல குரல் அவளுக்கு. ராகத்தை இழுத்து, பக்தியோடு ஆரம்பித்தாள்.

"குழாய் ஒழுகுதுன்னு... எத்தனை நாளாச் சொல்றேன்... காதுல வாங்கினீங்களா... ஊரு லிஃப்டையெல்லாம் ஏத்தி இறக்கறீங்க... நம்ம வீட்டு அலமாரிக் கதவு கையோட வருதே... வாயைத் திறந்தாப் பொய்யி... மூடினாத் தூக்கம்... இதுக்கு நடுவுல நான் என்ன கேணச்சியா..."

"கேணச்சியா... கேணச்சியா..." என்று மச்சானும் மகளும் பின்பாட்டுப் பாடினார்கள்.

மெக்கானிக் ஒவ்வோர் அடிக்கும் தலைவணங்கினார். வேறு வழி?

மேனேஜரின் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன உருக்கம்! அர்த்தம் என்ன?"

"வீட்டுத் தலைவரோட பெருமையை வரிசையாச் சொல்ற பாட்டு ஆன்ட்டி" என்றாள் மகள்.

"இன்னொரு தடவை பாடச் சொல்லேன்!"

"சந்தோஷமா" என்றாள் மனைவி. இரண்டாவது தடவை, முதலில் விட்டுப்போனவற்றையும் சேர்த்துக்கொண்டாள். மாமியாருக்கு ஒரு சரணம், நாத்தனாருக்கு ஒரு சரணம் என்று பாட்டு நீண்டது. கல்யாணமான நாளிலிருந்து மனசில் கிடந்தது மொத்தமும் ராகத்தோடு இறங்கியதில் அவள் முகமே தெளிந்துவிட்டது. கீழ்வீட்டுக்காரர்கூடத் தாளம் போட்டார்.

பிறகு சாப்பாடு. பிறகு வழக்கப்படி தூக்கம். கூடத்தில் பாயைப் போட்டு வரிசையாகப் படுத்தார்கள். கீழ்வீட்டுக்காரர் தன் வீட்டிலிருந்து தலையணையே எடுத்துவந்துவிட்டார். மேனேஜரின் மனைவி சுவரோரமாகப் படுத்து, கைப்பையைத் தலைக்கு வைத்து, நல்ல குழந்தையாகத் தூங்கினாள்.

மெக்கானிக் மட்டும் தூங்கவில்லை. வருடம் முழுக்க எந்தத் தூக்கத்துக்காகக் காத்திருப்பாரோ, அது இன்றைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம். இவர்கள் எழுந்து போய்விட்டால் போதும். அதற்குள் அந்த அம்மாள் இன்னொரு சடங்கைக் கேட்காமல் இருக்க வேண்டுமே என்று சுவர்ப்பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் ஈரக் கால்சட்டையோடு படுத்திருந்த மேனேஜர் மெல்ல அவர் பக்கம் புரண்டார்.

"தூங்கிட்டியா?"

"இல்ல சார்."

"நீ இன்னைக்குச் செஞ்சதை நான் உயிர் உள்ளவரை மறக்க மாட்டேன்யா. கேட்டது கேட்டபடி, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாம செஞ்ச பாரு!" அவர் குரல் தழுதழுத்தது. "போர்மேன் வேலை உனக்குத்தான். நாளைக்குக் காலையில நீ குழிக்குள்ள இறங்க வேண்டாம். நேரா மேல வா."

இவ்வளவு நல்ல மனிதரை, பொய்யே ஆகாத மனிதரை, இத்தனை வருடம் ஏமாற்றிவிட்டோமே என்று முதல்முறையாக மெக்கானிக்கின் மனசு உறுத்தியது. இப்போதே எழுந்து காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடலாமா என்றுகூட வாய் வரை வந்தது.

"சார், நான் உங்ககிட்ட ஒரு உண்மை சொல்லணும்."

"வேண்டாம்யா" என்று மேனேஜர் அவசரமாக அவர் வாயைப் பொத்தினார். "பண்டிகை நாள்ல உண்மையெல்லாம் எதுக்கு? சும்மா தூங்கு."

பெருந்தன்மை என்றால் இதுதான் என்று மெக்கானிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெயில் தாழ்ந்ததும் எல்லோரும் எழுந்து காபி குடித்தார்கள். அண்டாவிலிருந்து போன்கள் வெளியே வந்தன. மேனேஜர் என்றைக்கும் இல்லாத வேகத்தில் தொப்பியை மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு, கிளம்பு கிளம்பு" என்று மனைவியை வாசலுக்குத் தள்ளாத குறையாக நகர்த்தினார். மெக்கானிக்கும் அதே வேகத்தில் செருப்புகளை எடுத்து நேராகப் போட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். மனைவி மிச்சமிருந்த உருண்டைகளை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தாள்.

மேனேஜரின் மனைவி டப்பாவை வாங்கிக்கொண்டாள். திறந்து பார்த்தாள். மூடினாள். ஒரு படி இறங்கியவள், என்னவோ மனசு கேட்காமல் திரும்பி வந்து மெக்கானிக் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஒவ்வொரு வருஷமும் இவர் மட்டும் தனியா உங்க பண்டிகைக்கு வந்துட்டுத் திரும்பறப்போ பெரிய மீனாப் பார்த்துக் குடுத்து அனுப்புவீங்களே, இந்தத் தடவை நானும் கூட வந்தது உங்களுக்குப் பிடிக்கலையா?"